மூன்று மணி ஆறு நிமிடம்

பிரபா பொத்தானை அமுக்கினாள். கட்டிலருகே இருந்த ஆஸ்பத்திரி மானிட்டர் கத்துவதை நிறுத்தியது.

திரையில் எண் பூஜ்யமாகியிருந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வயரைப் பார்த்தாள். ஐந்து வருடமாக அவள் கை பழகியது அப்படி. அணுத்துகள்களை வேகமாக ஓடவிடும் ஆக்சிலரேட்டர் ஒன்றின் கண்ட்ரோல் ரூமில் வேலை. காந்தத்துக்குப் போகும் கரண்ட், குழாய்க்குள் இருக்கும் வேக்குவம், எல்லாம் கம்ப்யூட்டரில் எண்ணாக வரும். ஒரு எண் திடீரென்று விழுந்தால் முதலில் சத்தத்தை அமுக்கு, பிறகு கேபிளைப் பார். பத்துக்கு ஒன்பது தடவை கேபிள்தான். அங்கே வீண் அலாரங்களை வடிகட்டும் புரோகிராமை எழுதியவளே அவள்தான்.

காலையிலிருந்து அப்பா கலியமூர்த்தியின் விரலில் நாடி பார்க்கும் கிளிப் நாலு தடவை கழன்றிருந்தது. இதுவும் அதுதான். கட்டிலுக்குப் பின்னால் குனிந்து வயரை அழுத்திச் செருகினாள். கிளிப்பை வேறு விரலுக்கு மாற்றினாள். எண் வரவில்லை. இன்னொரு விரல்.

"ஏ புள்ள, கம்பியவே நோண்டிக்கிட்டு... அப்பனப் பாருடி. மூச்சு விடல," என்றாள் அம்மா ஆராயி.

ஆராயி போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாள், பின்னாலேயே டாக்டர் வந்து நெஞ்சை அழுத்தினார். பிறகு கையை எடுத்தார். முப்பது வருட சிமெண்டுத் தூசி அந்த நெஞ்சில் இருந்தது.

"நாலு நிமிஷம் முன்னால வந்திருந்தா?" என்று பிரபா இந்தியில் கேட்டாள்.

"சொல்ல முடியாது," என்றார் அவர்.

தம்பி குணா ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து மூட்டை தூக்கிய சட்டையோடு ஓடிவந்தான். அப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"ஏதாச்சும்னா மெஷினு கத்தும்னியே அக்கா. கத்துச்சா இல்லியா?"

பிரபா வாயைத் திறப்பதற்குள் ஆராயி சொன்னாள்: "கத்தல."

குணா நர்ஸிடம் போனான். "சவுண்ட அமுக்கிட்டுச் சாய் குடிக்கப் போயிட்டியா?" இந்தியில் கத்தினான். இருபது வயசுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. எட்டுக் கட்டில் அவள் ஒருத்திக்கு. தன் காதில் சத்தம் எதுவும் விழவில்லை என்று அழுதாள். பெரிய நர்ஸ் வந்து, புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள்.

குணா அதை பிரபாவின் கையில் திணித்தான். "நீதான் படிச்சவ. எழுது. இவ வேல இன்னைக்கே போவணும்."

பிரபா வராந்தாவில் நடந்தாள். ஜன்னல் வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். ஆராயி பின்னாலேயே வந்து முழங்கையைப் பிடித்தாள்.

"நீ அமுக்குனத நான் பாத்தேன். வாயத் தொறக்காத. உந்தம்பி ஆயுசுக்கும் பேசமாட்டான்."

"அந்தப் பொண்ணு, அம்மா..."

"அது எவ பெத்ததோ. நீ நான் பெத்தது."

உள்ளே வார்டுபாய் மானிட்டரின் பிளக்கில் கை வைத்திருந்தான். பிடுங்கினால் உள்ளே பதிவாகியிருப்பது அழிந்துபோகும் என்று பிரபாவுக்குத் தெரியும். வாசலில் நின்றாள். அவன் பிளக்கை ஆட்டினான்.

"ருகோ பையா!" என்று அவனை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள்.

ஓடிப்போய் இரண்டு பொத்தான்களை அமுக்கினாள். வரிவரியாக எண்கள் வந்தன.

"குணா, இங்க வா."

"என்னா இது? இங்கிலீசு எனக்குப் புரியாது."

"மணி புரியும்ல. மூணு ஆறுக்கு இது கத்திச்சு. அதே மூணு ஆறுக்கு ஒருத்தர் சத்தத்த அமுக்கியிருக்காங்க. நர்ஸ் வந்தது மூணு பத்து." அவள் விரல் திரையில் நின்றது. "அமுக்குனது நான்டா. கேபிள் கழண்டுருச்சுன்னு நெனச்சேன்."

குணாவின் கை ஓங்கியது. பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆராயி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் இவர்கள் பேசுவது புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

வார்டுபாய் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினான். குணா தலைமாட்டுக்குப் போய் அப்பாவின் அக்குளில் கை கொடுத்தான். யாரையும் பார்க்கவில்லை.

"கால் பக்கம் புடி."

பிரபா தாளைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குனிந்தாள். இரண்டு குதிகாலையும் உள்ளங்கையில் ஏந்தினாள். வெடித்துக் காய்ப்புக் காய்ச்சிய குதிகால்கள். இன்னும் சூடாக இருந்தன.