ஒரே நிமிடத்தில் தொடங்கி முடிந்த பன்னிரண்டு டிஸ்க்குகள்

மார்ச் 12, புதன்

இன்று ஒரு சிறிய தவறு தெரிய வந்தது. சிறியது என்று எழுதிவிட்டுச் சற்று யோசித்தேன். அளவில் சிறியதுதான், ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல் பன்னிரண்டு சான்றிதழ்களில் போய் உட்கார்ந்துகொண்டது.

முறைப்படி எழுதுகிறேன். பகலில் எனக்குப் பழைய கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் கடையில் வேலை. மாலை ஆறு முதல் எட்டு வரை சி என்ற கணினி மொழி வகுப்பு. கடைக்கு வரும் ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை யாரும் மீட்க முடியாதபடி அழித்து, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று சான்றிதழ் அச்சிட்டுத் தருகிறோம். அழிக்கும் புரோகிராமை எழுதியவர் டெக்னீஷியன் அண்ணன். எப்போதும் வாயில் ஒரு திருப்புளியைக் கவ்வியபடியே பேசுவதால் அவருக்குத் திருப்புளி என்றே பெயர். புரோகிராமுக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தவர் முதலாளி.

துடைப்பத்துக்கு இரண்டு சின்ன ஃபங்ஷன், அதாவது ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் புரோகிராம் துண்டுகள், எழுதும் வேலை போன வாரம் எனக்குக் கிடைத்தது. டிஸ்க் எண்ணின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வரும் வெற்றிடங்களை வெட்டுவது ஒன்று. கணினி வெறும் நொடிக்கணக்காக வைத்திருக்கும் நேரத்தை மனிதர் படிக்கும்படி மணி, நிமிடமாக மாற்றித் தருவது இன்னொன்று. அதுவரை என் வேலை, கீபோர்டுகளைத் தலைகீழாகத் தட்டித் தூசி எடுப்பது.

மதியம் பல் மருத்துவமனையின் பதிவறை அம்மா வந்தார். அவர்களுடைய பன்னிரண்டு டிஸ்க்குகளையும் நேற்றே அழித்து முடித்திருந்தோம். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஏம்மா, தொடங்கின நேரம் பத்து இருபது. முடிஞ்ச நேரமும் பத்து இருபது."

"ஆமாங்க," என்றேன். எதற்கு ஆமாம் என்றேன் என்று தெரியவில்லை.

"ஆனா ஆன நேரம் ரெண்டு மணி நாப்பத்தோரு நிமிஷம்னு கீழ போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். போட்டிருந்தது. பன்னிரண்டிலும் அதே கதை.

"இந்தக் கடிகாரம் எங்க கிடைக்கும்? எங்க டாக்டருக்கு ஒண்ணு வேணும். மூணு மணிக்கு வரச் சொன்னவங்கள அஞ்சு மணிக்குத்தான் பாக்கறாரு."

முதலாளி சிரித்தார். யார் எழுதிய ஃபங்ஷன் என்று நினைவு வந்ததும் நிறுத்தினார்.

"தொடங்கின நேரம் சரிதாங்க," என்றேன். "அதோட ஆன நேரத்தக் கூட்டினா முடிஞ்ச நேரம் வந்துடும்."

"எனக்குக் கூட்டத் தெரியும்மா. ஆனா கையெழுத்துப் போடறது நானாச்சே. ஆறாயிரம் பேரோட பல்லு விவரம் இதுல இருந்தது. மணி பாக்கத் தெரியாத புரோகிராம் மத்ததெல்லாம் ஒழுங்கா அழிச்சிருக்கும்னு நான் எத வச்சு நம்பறது?"

நாளை பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார். முதலாளி கோபப்படவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலில்தான் சொன்னார்: "நாளைக்கு அந்தம்மா வர்றதுக்குள்ள சரியாகலேன்னா, முன்னாடி வாங்கி வச்ச புரோகிராமையே போட்டுக்கலாம். நீ பழையபடி கீபோர்டப் பாரு."

நடந்தது இதுதான். நேரத்தை எழுத்தாக வைக்க ஃபங்ஷனுக்குள் ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருந்தேன். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடமும் போய்விடும் என்று, நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் எச்சரித்தது. முன்னால் ஸ்டாட்டிக் என்ற சொல்லைச் சேர்த்தேன். இடம் நிலைத்து நின்றது, கம்பைலரும் வாயை மூடியது. ஆனால் எத்தனை முறை அழைத்தாலும் அதே ஒரே இடம். ஒரே வரியில் இரண்டு நேரம் கேட்டால், ஒன்றின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிடும். புரிந்து சேர்த்தேனா, அது வாயை மூடியதால் புரிந்தது என்று நினைத்தேனா? இரண்டாவதுதான்.

சோதிக்காமலும் இல்லை. ஒரு சின்னப் பென் டிரைவை அழித்துப் பார்த்தேன். நாற்பது நொடியில் முடிந்தது. தொடங்கியது 9.10, முடிந்தது 9.10. சரியான விடை. நோட்டில் சிவப்பு மையில் டிக் போட்டு அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழிக்கிற புரோகிராம்தானே? நேரத்தையும் சேத்து அழிச்சிருக்கு. அது வேலைய அது பாத்திருக்குடி," என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மார்ச் 13, வியாழன்

எட்டரைக்கே கடைக்குப் போனேன். ஸ்டாட்டிக்கை எடுத்தேன். இடத்தை இனி ஃபங்ஷன் தராது, அதை அழைக்கும் வரிதான் ஒவ்வொரு நேரத்துக்கும் தனி இடத்தை அளவோடு கொடுக்க வேண்டும். 10.20 என்றால் புள்ளியோடு ஐந்து எழுத்து, அதோடு முடிந்தது என்று காட்டும் முடிவுக்குறிக்கு ஒன்று, ஆக ஆறு. விரல் விட்டு எண்ணினேன். ஒரு கையில் அடங்காததால் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன்.

இந்த முறை பென் டிரைவை நம்பவில்லை. மூன்று மணி நேர இடைவெளியுள்ள இரண்டு நேரங்களை நானே கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறாக வந்தன. அப்படியும் நிம்மதி வரவில்லை. இன்னும் பத்து முறை ஓட்டினேன்.

"பன்னெண்டு டிஸ்க்கையும் மறுபடி அழிக்கணுமாண்ணே? நேரம் பத்தாதே," என்று கேட்டேன்.

திருப்புளி அண்ணன் வாயிலிருந்து திருப்புளியை எடுத்தார். மூன்று மாதத்தில் நான் பார்த்த முதல் தடவை. "வேணாம். தொடங்கின, முடிஞ்ச நொடிக்கணக்கெல்லாம் தனி ஃபைல்ல பத்திரமா இருக்கு. அத எழுதினது நான், நீ இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குப் புதிய சான்றிதழ்கள் அச்சாகி வந்தன. பன்னிரண்டுக்குப் பதிவறை அம்மா வந்தார். பன்னிரண்டையும் படித்தார். பிறகு விரலை மடக்கி மடக்கிக் கூட்டியும் பார்த்தார்.

"இப்ப சரியா வருது. நேத்து ஏன் வரல?"

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினேன். "ஒரே பலகைங்க. ஒரு நேரத்த எழுதினேன். அத அழிச்சிட்டு அங்கயே இன்னொண்ண எழுதினேன். அப்புறம் ரெண்டையும் படின்னா, இருக்கறதையே ரெண்டு தடவ படிக்குது."

"இப்ப?"

"இப்ப ரெண்டு பலகைங்க."

"எங்க வாசல்லயும் நோயாளி பேரு எழுத ஒரே பலகைதான் இருந்துது," என்றார். "ஒரு நாள் யாரு பல்லுன்னு..." முதலாளி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி, அது எதுக்கு. ஏழாம் நம்பர் டிஸ்க்கத் திறந்து காட்டு."

திறந்து காட்டினேன். திரை முழுக்கப் பூஜ்யம், அழித்த டிஸ்க்கில் இருக்க வேண்டியது அது மட்டும்தான்.

"இன்னும் கீழ போ."

போனேன். பூஜ்யம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் பூஜ்யமாகவே படித்தார். நடுவில் ஒரு முறை, "நில்லு, அது என்ன?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். திரையில் ஒட்டியிருந்த தூசி. துணியால் துடைத்தேன். அந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு.

கடைசியில் பேனாவை எடுத்தார். கையெழுத்தின் பக்கத்தில் மணியையும் போட்டார், 12.40. என்னைப் பார்த்து, "உன் கடிகாரத்துல எவ்வளவு?" என்றார்.

"அதேதாங்க."

அவர் போனதும் முதலாளி அடுத்த வாடிக்கையாளரின் எட்டு டிஸ்க்குகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அப்படியானால் துடைப்பமே தொடருமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்.

மாலை, வகுப்புக்குக் கிளம்பும் முன், வெற்றிடம் வெட்டும் ஃபங்ஷனைத் திறந்து பார்த்தேன். அதிலும் ஸ்டாட்டிக் இருக்கிறது. ஒரு வரியில் ஒரு முறைதான் அதை அழைக்கிறோம் என்பதால் இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை.

நாளை: காலை எட்டரைக்கு, எட்டு டிஸ்க்குகளில் எதையும் தொடுவதற்கு முன், அதை எடுக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு டிஸ்க் எண்களை ஒரே வரியில் அச்சிட்டுச் சோதிக்க வேண்டும். டிக் பென்சிலில் போட வேண்டும்.