ஜீவராணியின் கவ்வாத்து

ஜீவராணி கத்தியை ஓங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சின்ன வயதிலிருந்தே கொழுந்து பறித்த கை. கவ்வாத்துக் கத்தியைத் தொட்டதில்லை. றக்வானைப் பக்கத்துத் தோட்டங்களில், புதுத் தளிர் விடத் தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவது ஆண்கள் வேலை. விழுந்த மிலாறுக் குச்சிகளை விறகுக்குப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போவது பெண்கள் வேலை. பெண் கைபட்டால் செடி பட்டுப்போகுமாம். யார் கண்டுபிடித்தார்களோ! வெட்டிப் பார்த்துச் சொன்னவர் மட்டும் ஒருவரும் இல்லை.

தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு துண்டுத் தேயிலை நிலம் என்று பராமரிக்கக் கொடுத்திருந்தார்கள். புருஷன் தினேஷ் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். மழைக்கு முன் கவ்வாத்து முடியாவிட்டால் துண்டு வேறு ஆளுக்கு என்று கங்காணி இருளப்பன் சொல்லிவிட்டார். கூப்பிட்ட ஆண்கள் எல்லாரும் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். கத்தி வைக்குமுன் கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைக்கவும் ஆண்தான் வேண்டும். அவள் சாமிக் கல்லுக்கு முன்னால் நின்று தானே உடைத்தாள். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் செடியைத் தட்டையாக வெட்டித் தொலைத்தாள். தண்ணீர் தங்கி அழுகிவிடுமே என்று பதறி, மறுபடி சாய்த்து வெட்டினாள். பிறகு தினமும் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்தாள். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. அப்போதும் அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. என்ன பெண் இவள்!

மாமியார் ஜெயம்மாவுக்குத்தான் மானம் போனது. லயத்து வீடுகளில் கேட்டவர்களிடமெல்லாம், "மகன் வந்து வெட்டிட்டுப் போறான்" என்று அவிழ்த்துவிட்டாள்.

கடைசி வரிசை மிச்சமிருந்த அன்று இருளப்பன் பார்க்க வந்தார். ஜெயம்மாவும் கூடவே வந்து நின்றாள். வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார் இருளப்பன்.

"தினேஷ் கெட்டிக்காரன்தான். அவங்க அப்பா செல்லையா கை அப்படியே இருக்கு. துண்டு இனி அவனுக்குத்தான்."

ஜெயம்மா தரையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், துண்டு வீட்டோடு நிற்கும். ஆனால் ஜீவராணி கத்தியோடு முன்னால் வந்தாள்.

"அவரு தீபாவளிக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரலீங்க. நான்தான் வெட்டுனேன்."

இருளப்பன் சிரித்தார். "வெளையாடாதம்மா. இது பொம்பள கையா?"

அவள் அடுத்த செடிக்குப் போனாள். சாய்வாக ஒரே வெட்டு. கிளை துண்டாகி விழுந்தது. அவர் சிரிப்பு நின்றது.

"பட்டுப்போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேங்க. தளிர்த்தாலும் என் பேரத்தான் சொல்லணும்."

இருளப்பன் அடுத்த செடியை மறித்தபடி நின்றார். ஜெயம்மா மருமகளின் காய்த்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு காலத்தில் செல்லையாவுக்குப் பின்னால் நடந்ததுபோலவே, ஜீவராணி வெட்ட வெட்ட, விழுந்த குச்சிகளைப் பொறுக்கிக் கட்டினாள்.

"கங்காணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் தலை நிமிராமல். "வெட்டுற ஆளுக்கு எடம் வேணும்."

மேலே மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இருளப்பன் ஓரடி பின்னால் வைத்தார்.