நாலு விரல் நீளம்

“எங்க போவுது, எத்தனை நாளு தாங்கணும், மேல எவ்வளவு பாரம் விழும்? இந்த மூணையும் சொல்லுங்கக்கா, கட்டிருவோம்” என்றான் அய்யாத்துரை.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காலை ஏலம் முடிந்திருந்தது. உமாராணியின் கமிஷன் கடை வாசலில் மும்பைக்குப் போக வேண்டிய முருங்கைக்காய் மலை போலக் கிடக்க, அதற்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துப் பதினான்கு கோல்ஃப் மட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். கருப்புத் தண்டும் வெள்ளி மூஞ்சியுமாக அவை வெயிலில் மினுங்கின. போகிற வருகிற லோடுமேன்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று, துஷ்டி வீட்டில் பிணத்தின் முகம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபது வருஷமாக வாழைத்தாரும் முருங்கையும் கட்டுகிற அய்யாத்துரைக்கு மட்டும் வியப்பு எதுவும் இல்லை. அவனுக்கு இதுவும் ஒரு நீளக் காய். தலை கொஞ்சம் பெருத்த காய், அவ்வளவுதான்.

“கொழும்பு. ஃபிளைட்ல போவுது. ஒரு நாளு தாங்குனா போதும். ஆனா தூக்கி எறியத்தான் செய்வாங்க” என்றாள் உமாராணி.

“லாரியில மட்டும் தாலாட்டிக் கொண்டுபோறானாக்கும்.”

அவன் மட்டைகளிலேயே நீளமானதை எடுத்தான். டிரைவர் என்று அதற்குப் பெயர், முதல் அடிக்கு உரியது. அதைத் தரையில் ஊன்றி, கடைக்குள் கிடந்த மூங்கில் கம்பு ஒன்றை அதன் பக்கத்தில் நிறுத்தி, மிஞ்சிய அளவை விரல் வைத்துப் பார்த்து மீதியை அறுத்துத் தள்ளினான். “கட்டுக்கு நடுவுல ஒரு கம்பு கெடக்கணும்க்கா. இருக்கதுலயே நீளமான காயை விட நாலு விரல் கூட. விழுந்தாலும் மோதுனாலும் அடி மொதல்ல கம்புக்குத்தான். காய்க்குச் சேதியே போவாது.” பிறகு வாழைச்சருகை உதறி உதறி ஒவ்வொரு தலைக்கும் சுற்றினான், இடுக்கில் திணித்தான், மொத்தத்தையும் மட்டைப் பையோடு சேர்த்து இரட்டைச் சாக்கில் நுழைத்து, கோணி ஊசியால் சங்கிலித் தையல் போட்டான். கடைசியில் ஒரு முனையில் சிவப்பு நூலை முடிந்தான். “இந்தத் தலைப்ப இழுத்தீங்கன்னா ஒரே இழுப்புல அம்புட்டும் அவுந்துரும். அந்தத் தலைப்ப இழுத்தா எமனே வந்தாலும் கத்திதான் தேடணும்.”

உமாராணி மூட்டையைக் காலால் ஒரு எத்து எத்திப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திருப்தியாக இருந்தது.

கோல்ஃப் மைதானமே இல்லாத ஊரில் கோல்ஃப் கிளப் தொடங்க இரண்டு தகுதி வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும், வாய் ஓய்ந்திருக்கக் கூடாது. தென்காசி–குற்றாலம் கோல்ஃப் கிளப்பின் நிறுவனரும் தலைவரும் நிரந்தரக் கேப்டனுமான விஜய்பாண்டி இரண்டிலும் முழுத் தகுதி உள்ளவர். டி.எஸ்.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த முப்பத்து நாலு வருஷமும் ஊரார் அவருக்கு வணக்கம் போட்டார்கள். ஓய்வு பெற்ற முப்பத்து நாலாம் நாள் காய்கறிக் கடையில் ஒருவன் “தள்ளி நில்லும்வே” என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே கிளப் உதயமாயிற்று. மைதானம், பழைய குற்றாலம் போகிற வழியில் பீர் மைதீனுடைய லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பு. சாரலில் புல் தானாக வளர்ந்தது, ஆடுகள் அதைத் தானாக வெட்டின. ஊறுகாய் டப்பாவைப் புதைத்து ஆறு குழிகள் அமைத்தார்கள். குரங்கு தூக்கிக்கொண்டு போகும் பந்துக்கு அபராதம் இல்லை என்று கேப்டன் தனி விதியே எழுதினார்.

உமாராணி அந்தத் தோப்புக்குத் தேங்காய் விலை பேசத்தான் போனாள். மூன்று ஆண்கள் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, அசையாமல் கிடக்கிற ஒரு பந்தை மாறி மாறித் தவறவிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “அதை இங்கன கொண்டாங்க பாப்போம்” என்று மட்டையை வாங்கி ஒரு சுழற்று சுழற்றினாள். பந்து சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நன்னாரி சர்பத் கடைத் தகரத்தில் போய் விழுந்தது. ஏலத்தில் நாற்பது பேர் கத்தும்போது ஒரே ஒரு மூட்டை மேல் கண்ணை வைத்துப் பழகியவளுக்கு அசையாத பந்து ஒரு பொருட்டே இல்லை. இரண்டு வருஷத்தில் அவள்தான் கிளப்பில் முதல் ஆள். இதைக் கேப்டன் தவிர எல்லாரும் வாய்விட்டுச் சொல்வார்கள்.

இலங்கையில், நுவரெலியாவில் உள்ள ஒரு கிளப்போடு மூவர் அணிப் போட்டி என்று முடிவானபோது கேப்டனுக்கு இக்கட்டு வந்தது. அணியில் அவர் இருப்பார், அது விதி. பீர் மைதீன் இருப்பார், தோப்பு அவருடையது. மூன்றாவது இடத்துக்குக் கேப்டனுடைய மனைவியின் தம்பி நாகராஜன் புதுக் கையுறை எல்லாம் வாங்கி வைத்திருந்தான். உமாராணியை விட்டுவிட்டு அவனைச் சேர்த்தால் பீர் மைதீன் சிரித்தே கொன்றுவிடுவார். ஆகவே அவளை எடுத்து, அவனை மாற்று ஆளாக்கி, வாட்ஸப்பில் பதினெட்டு விதிகள் அனுப்பினார். கடினப் பெட்டியில்தான் மட்டைகள் வர வேண்டும், சாதாரணப் பொதி அணியின் கண்ணியத்துக்கு இழுக்கு என்பது நாலாவது விதி. ஒன்பதாவதுதான் விஷயம். யாருடைய மட்டைகள் குறித்த நேரத்தில் முழுசாக மைதானத்துக்கு வரவில்லையோ அவருக்குப் பதில் மாற்று ஆள் ஆடுவார், இரவல் அனுமதி இல்லை.

இதைப் படித்த உமாராணிக்கு, மெனக்கெட்டு எழுதியது தனக்காகத்தான் என்று தெரியாமல் இல்லை. கடினப் பெட்டி வாங்க முடியாமலும் இல்லை. வாங்கிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தபோது உள்ளே மட்டைகள் கடகடவென்று பேசின. அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அந்த மூன்றாவது இடம் வேண்டும். கடையைப் பார்க்காமல், வீட்டைப் பார்க்காமல், நாலு நாள் தனக்கென்று எடுத்துக்கொண்டு ஆடப் போவது இதுதான் முதல் தடவை. அதற்கு யாருடைய பெட்டியையும் நம்புவதைவிட அய்யாத்துரையின் கையை நம்புவதுதான் அவளுக்குச் சரியாகப் பட்டது.

செங்கோட்டை, புளியரை, புனலூர் என்று வேனில் திருவனந்தபுரம் போய் இறங்கியபோது கேப்டன் முதன்முதலாக அந்த மூட்டையை முழு வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய பெட்டி பளபளவென்று, ஆள் படுக்கிற நீளத்தில், சக்கரத்தில் உருண்டு வந்தது. நாகராஜன் பெட்டியும் அப்படித்தான், அவர் வாங்கிக் கொடுத்தது. பீர் மைதீன் தன்னுடையதைப் பழைய மெத்தையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரைக் கேட்க முடியாது.

“உமாராணி, என்ன இது? நாம போறது மேட்ச்சுக்கு. மண்டிக்கு இல்ல.”

“மட்டைதான் அண்ணாச்சி.”

“கேப்டன்.”

“மட்டைதான் கேப்டன் அண்ணாச்சி.”

சாக்கின் ஒரு முனையில் கம்பு துருத்திக்கொண்டிருந்தது. அதை அவர் காலணி நுனியால் தொட்டுக் காட்டினார். “கம்பு வேறயா. மாடு மேய்க்கவா?”

“காய்க்குத் துணைக்கு” என்றார் பீர் மைதீன். “ஏத்துமதி ஆவுதுல்லா.”

கவுன்ட்டரில் இருந்த பெண் மூட்டையைப் பார்த்து, “சேச்சி, இது எந்தா?” என்றாள். சொன்னதும் சிரித்துக்கொண்டே பெரிய சாமான் போகிற வழியைக் காட்டினாள். கேப்டனுடைய பெட்டியை எடையில் வைத்தபோது முள் அனுமதித்த எடைக்கு மேல் ஓடியது. அவர் அந்தப் பெண்ணிடம் தன் பழைய பதவியைச் சொன்னார். அவள் கூடுதல் எடைக்குச் சீட்டுப் போட்டாள். உமாராணி கவனித்தாள், தன் மூட்டையைவிட அது எட்டு கிலோ அதிகம். பதினான்கு மட்டைக்கு மேல் எதையோ திணித்திருக்கிறார். கேட்கவில்லை. அடுத்தவர் சரக்கில் கை விட்டுப் பார்ப்பது மார்க்கெட்டில் மரியாதை இல்லை.

ஒரு மணி நேரத்தில் கொழும்பு வந்துவிட்டது. பெட்டிகள் வந்தன, மெத்தை வந்தது, மூட்டையும் போட்டது போட்டபடி வந்தது. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே போகும் வழியில்தான் சீருடை போட்ட ஒரு இளம்பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். சாக்கின் வாயோரம் சருகு ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை விரலால் தொட்டாள்.

“அம்மா, இது வாழை இலை தானே? இலை, தடியெல்லாம் உள்ளுக்குக் கொண்டு வர ஏலாது. நோய் வரும்.”

உமாராணி இதை நினைத்தே பார்க்கவில்லை. கேரள எல்லையில், புளியரைச் சோதனைச்சாவடியில் எத்தனை ஆயிரம் லோடு இந்தச் சருகோடு போயிருக்கும். ஒருத்தன் ஏன் என்று கேட்டதில்லை. அய்யாத்துரையின் நோக்கில் சருகு என்பது சரக்கே இல்லை, காற்று மாதிரி. அவளும் அப்படித்தான் இருந்துவிட்டாள். கேப்டனுடைய பதினெட்டு விதிகளிலும்கூட அது இல்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

“முழுசாப் பிரிச்சுப் பார்க்கோணும். இப்ப அதுக்கு நேரமில்லை” என்று அந்த அதிகாரி தையலைத் தடவிப் பார்த்தாள். “வச்சிட்டுப் போங்கோ. நாளைக்குப் பின்னேரம் வந்து எடுங்கோ.”

பின்னேரம் என்றால் சாயங்காலம். போட்டியோ நாளைக் காலை ஏழு மணிக்கு, நுவரெலியாவில். பின்னால் நாகராஜன் தொண்டையைக் கனைப்பது கேட்டது. கேப்டனின் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் பொலிவு ஏறியது. அவர் முன்னால் வந்தார்.

“மேடம், ஐ ஆம் த கேப்டன். இவங்க எங்க டீம். நான் ரிட்டயர்டு டி.எஸ்.பி., தமிழ்நாடு போலீஸ். உங்க நடைமுறை எதுவோ அதைத் தாராளமாச் செய்யுங்க. நாங்க தலையிட மாட்டோம்.”

உமாராணிக்கு அதிகாரிகளைப் பற்றி ஒரே ஒரு பாடம்தான் தெரியும். அவர்கள் மனம் மாறுமுன் திறந்துவிட வேண்டும். “பத்து எண்ணுங்கம்மா” என்றாள். மூட்டையைச் சரித்து, சிவப்பு நூலைத் தேடிப் பிடித்து, விரலில் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். தையல் முழுக்கத் தானாக அவிழ்ந்து, நூல் புழுப்போலச் சுருண்டு காலடியில் விழுந்தது. சாக்கு வாயைத் திறந்தது. அதிகாரி ஆறுகூட எண்ணியிருக்க மாட்டாள். ஒவ்வொரு தலையாகச் சருகை உருவி உமாராணி அவள் நீட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டாள். பதினான்கு மட்டைகளும் கடை வாசலில் படுத்திருந்தபடியே மினுங்கின.

“எங்க தச்சனீங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எங்க கடையில. இலையை வச்சுக்கோங்க, மட்டையை நான் எடுத்துக்கிடுதேன்.”

“சரி.” பிறகு அவள் திரும்பினாள். “நீங்கதானே தலைவர்? ஒரே குழுதானே? உங்கட பெட்டியையும் திறவுங்கோ.”

“அது கடினப் பெட்டி. அதுல இலையெல்லாம்…”

“திறவுங்கோ.”

நம்பர் பூட்டு இரண்டாம் முறையில் திறந்தது. மூடியைத் தூக்கியதும் முதலில் தெரிந்தது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. சுற்றியிருந்த துண்டை எப்போதோ உதறிவிட்டு அது பெட்டிக்குள் தன் இஷ்டத்துக்கு உலாவியிருக்கிறது. நுவரெலியாக் கிளப்புக்கு அன்பளிப்பு. அடித்தட்டில் அவருடைய பெயரும், கேப்டன் என்பதும், பழைய பதவியும் பெரிதாக வெட்டியிருந்தன. அது உலாவிய வழியில் டிரைவரின் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. இன்னும் இரண்டு மட்டைகளின் தலை கழன்று மூலைக்குப் போயிருந்தது.

பீர் மைதீன் குனிந்து விளக்கைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விளக்குத் தப்பிச்சிட்டு கேப்டன்” என்றார் பீர் மைதீன். “ஒரு கீறல் இல்ல.”

நாகராஜன் தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். அவன் மட்டைகள் நன்றாக இருந்தன. விளக்கைத் தன் பெட்டியில் வைக்கக் கூடாது என்று அக்காள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான். முகத்தை எவ்வளவு வாட்டமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வாட்டமாக வைத்துக்கொண்டு, “ஒம்பதாவது ரூல் என்ன சொல்லுது அத்தான்?” என்று கேட்டான். கை அவனை அறியாமல் பையில் இருந்த கையுறையைத் தடவிக்கொண்டிருந்தது.

விஜய்பாண்டி பெட்டியின் மூடியைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றினார். அந்தத் தலையை உமாராணி இதுவரை பார்த்ததில்லை. காய்கறிக் கடையில் தள்ளி நிற்கச் சொன்னவன் பார்த்தது இந்தத் தலையைத்தான் போலிருக்கிறது.

அவள் நூலை உருட்டிப் பந்தாக்கி, திரும்பி வரும்போது உதவும் என்று கைப்பையில் போட்டாள். தன் இடம் தன்னிடமே இருந்தது. அதை யாரும் அசைக்க முடியாது. ஆகவே தாராளமாகப் பேசலாம். “அண்ணாச்சி, எங்கிட்ட டிரைவர் ஒண்ணுதான் இருக்கு. ஆனா நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா அடிக்கப் போறோம்? ரூல எழுதுன நீங்க சொன்னா சரி.”

அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய தள்ளுவண்டியைப் பார்த்தார். காலிச் சாக்கின் மேல் மூங்கில் கம்பு மட்டும் தனியாகக் கிடந்தது. அதன் ஒரு முனை எங்கோ பலமாக மோதி நார்நாராகப் பிளந்து, பூப்போல விரிந்திருந்தது. “டிரைவரை விட நாலு விரல் கூட அண்ணாச்சி, அடி மொதல்ல கம்புக்குத்தான்” என்றாள் உமாராணி.

“அந்தத் தடியும் தாங்கோ” என்று அதிகாரி கையை நீட்டினாள்.

விஜய்பாண்டி கம்பை எடுத்தார். கொடுக்கவில்லை. அதைத் தரையில் ஊன்றினார். உமாராணியின் டிரைவரை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, மிஞ்சி நிற்கும் இடத்தில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரல் பிளந்த நாரில் போய் நின்றது. அதிகாரி நீட்டிய கை நீட்டியபடியே காத்துக்கொண்டிருந்தது.