கிளாஃபிரா சுட்ட அப்பம்

கிர்கிஸ்தானில், எங்கள் கரகோல் ஊர் மரக்கோவிலில் நற்கருணைக்கு அப்பம் சுடுவது கிளாஃபிரா. நான் புரோகோர், கோவில்பிள்ளை. நற்கருணை வாங்குகிறவர்களின் தாடைக்குக் கீழே சிவப்புத் துணி பிடிப்பது என் வேலை. யார் வாங்குகிறார், யார் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போகாது. ஏப்ரலிலிருந்து கிளாஃபிரா வாங்கவில்லை. ஊருக்கெல்லாம் சுட்டுப் போட்டவள் சுவரோரம் நின்றாள். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம், வாய்க்கால் தண்ணீர். தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் முறையன்று அண்ணி தைசியா மடையைத் திருப்பிவிட்டாள் என்று நினைத்து, கிளாஃபிரா கோவில் வாசலிலேயே "திருடி" என்று கத்திவிட்டாள். திருப்பியது மேல்தெருக்காரன் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மனக்கசப்போடு நற்கருணைக் கிண்ணத்தருகே போவது எங்களிடம் வழக்கமில்லை.

மூவொரு கடவுள் திருவிழாவுக்கு முந்தின நாள், கோவில் தரையில் பரப்பப் புல் அறுத்து வந்தேன். சமையலறையில் கிளாஃபிரா அழுதுகொண்டிருந்தாள். இந்த அப்பத்துக்கு மாவில் இரண்டு வட்டம்; கீழ் வட்டத்தில் தண்ணீர் தொட்டு, மேல் வட்டத்தை ஒட்டி, முத்திரை பதித்து, ஊசியால் குத்த வேண்டும். குத்த மறந்திருக்கிறாள். மேல் வட்டமெல்லாம் உப்பிக் கழன்று கிடந்தது.

"பாதிரியார் சாமி பார்த்தா என்ன சொல்வாரு?"

"ஊசி குத்தலைன்னு சொல்வாரு. நீ கோபத்தோட பிசைஞ்சேன்னு நான் சொல்றேன். போம்மா, போய் உங்க அண்ணியக் கூட்டிட்டு வா!" என்று எரிந்து விழுந்தேன்.

போய்க் கூட்டிவந்தாள். "மன்னிச்சிடுங்க அண்ணி" என்று குனிந்து நின்றாள்.

தைசியா கையைக் கழுவினாள். "மன்னிச்சேன்னு சொல்ல இன்னும் வாய் வரல. கை வருது. மாவை இப்படித் தள்ளு."

பிசைந்துகொண்டே முணுமுணுத்தாள். "அங்க மேல மூணு பேரு ஒண்ணா இருக்காங்க. இங்க நாம ரெண்டே பேரு, ஒரு வாய்க்கால் தண்ணிக்கு முட்டிக்கிறோம்."

அந்த அப்பம் நன்றாகவே வந்தது.

காலையில் கிளாஃபிரா மறுபடியும் சுவரோரம்தான். பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது, பட்டினியும் இருந்தாள். அண்ணி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லையே என்றுதான் ஒதுங்கி நின்றாள்.

தைசியாவின் முறை வந்தது. துணியைப் பிடித்தேன். பாதிரியார் இரசத்தில் நனைத்த அப்பத்தைக் கரண்டியில் நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"கிளாஃபிரா! இங்க வாடி. நீ அங்க நின்னா எனக்கு இது தொண்டையில எறங்காது. மன்னிச்சேன், வா!"

பாதிரியார் கரண்டியோடு காத்திருந்தார். கிளாஃபிரா புல்லை மிதித்துக்கொண்டு வந்தாள். தைசியா விலகி, அவளை முன்னால் நிறுத்தினாள்.