துரைராசு ஐயர் தலையில் இன்னொரு கை

1

இந்தக் கதையைக் கீழ்வேளூர் பேருந்தில் திருடினேன். முன் இருக்கையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். “அவரு தலையில கை வச்ச பிஷப்புக்கே யாரும் ஒழுங்கா கை வைக்கலங்க!” அடிதடி வழக்கு என்று காதைத் தீட்டினேன். இறங்குவதற்குள் புரிந்தது, விவகாரம் இரண்டாயிரம் வருடப் பழசு. இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஒருவர் தலையில் கை வைத்து பிஷப்பாக ஏற்படுத்தினார்கள், அவர் அடுத்தவரை. அந்தத் தொடர் அறுந்தால் பிஷப்பும் இல்லை, அவர் ஏற்படுத்திய குருவும் இல்லை என்பது ஒரு கட்சி. போதனை அறாமல் வந்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே நியாயமாகப்பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

1973. பொன்னாக விளைந்த குறுவை வயல்கள்…

(வேண்டாம். வயலைப் பொன்னாக்கி அலுத்துவிட்டது.)

துரைராசு ஐயர் மண்டியிட்டபோது…

(அதற்குள்ளாகவா?)

சரி, நேராகவே சொல்கிறேன். துரைராசு ஒரு கிராமத்துச் சபையின் குரு. சபையார் குருவை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறில் மிராசுதாரின் ஆட்கள் அந்தச் சபையைச் சேர்ந்த வீரையனை அடித்துப் போட்டார்கள். உயிர் போகும் முன் அவனுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கொடுத்தவர் துரைராசு.

மறுவருடம் மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. துரைராசுவை ஏற்படுத்திய பிஷப்புக்குக் கை வைத்தவர்கள் வெறும் குருமார்கள்தானாம், அவர்களில் ஒரு பிஷப்கூட இல்லையாம். ஆகவே துரைராசு குருவானதும் செல்லாது. புது பிஷப் மறுபடி கை வைப்பார், மறுத்தால் வேலை போகும். துரைராசுவுக்கு அவமானத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இத்தனை நாள் தான் கொடுத்தது என்ன?

3

வீரையனின் மனைவி அம்சமும் அதையே கேட்டாள்.

“அப்ப எங்க வீட்டுக்காரரு வாங்குனது என்னங்க ஐயரே?”

“திருவிருந்துதாம்மா.”

“நீங்க மறுபடி மண்டி போட்டா அது இல்லேன்னு ஆயிடாதா?”

அம்சம் விடவில்லை.

“எங்க மனைக்குப் பட்டா குடுக்க வந்த தாசில்தாரு மூலப்பத்திரமா கேட்டாரு? யாரு குடியிருக்கான்னுதானே கேட்டாரு?”

[இங்கே எனக்குச் சந்தேகம். புருஷனைப் பறிகொடுத்தவள் இப்படி வாதாடுவாளா? என் வாதத்தை அவள் வாயில் திணிக்கிறேனோ? அந்த வரியை அடித்தேன். திரும்ப எழுதினேன். பத்திரக் கட்டைக் காட்டித்தான் மிராசுதார் அவளைக் காலி செய்யச் சொன்னார். அவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?]

“நான் மண்டி போடப் போகலம்மா. வேலைய விட்டுடறேன்.”

“விட்டுட்டு எங்க போவீங்க? மண்டி போடுங்க. எழுந்திரிச்சதும், வீரையனுக்குக் குடுத்தது குடுத்ததுதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

4

அவர் மறுத்துவிட்டு வெளியேறுகிறார்… (கைதட்டலுக்கு ஆசைப்பட்ட முடிவு. பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?)

அவர் வாயே திறக்காமல்… (எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. இதை எழுத மனசு வரவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை. பிஷப் கை வைத்து முடித்துவிட்டார். துரைராசு எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பிவிட்டார். சொன்னால், இப்போது வைத்த கையை பிஷப்பின் எதிரிலேயே வீண் என்றதாகிவிடும். சொல்லாவிட்டால், வீரையன் வெறும் அப்பத்தைத் தின்றுவிட்டுச் செத்தவன்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அவருடைய முதல் வார்த்தையை நீங்கள் எழுதுங்கள். அம்சம் முன்னால்தான் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.