பன்னிரண்டு நாள் மிச்சம்

ராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு மாடி வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கஜன், ஏணி மேல் இருந்தபடியே என்னை அடையாளம் கண்டு கேட்டான். "நீ போகேல்லையாடா?" எங்கே என்றேன். சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பிரஷை வாளிக்குள் போட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். அவனும் நானும் மண்டபம் அகதி முகாமில் ஒரே வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், ஒரே குழாயடியில் குளித்தவர்கள். அவனுக்கு என்னிடம் பொய் சொல்ல வராது.

செவ்வாய்க்கிழமை காலை முகாமிலிருந்து வேன் கிளம்புகிறது என்றான். நான்கு குடும்பங்கள். சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் இலங்கை. அந்த நான்கில் ஒன்று எங்கள் வீடு. அப்பா, அம்மா, தங்கச்சி. நான் சென்னையில் வந்து சேர்ந்துகொள்வேன் என்று அவன் நினைத்திருந்தானாம். கட்டில் போன மாதமே விற்றாகிவிட்டது. பீரோவை மூன்றாவது வரிசையில் யாரோ எடுத்திருக்கிறார்கள். "உங்கட மிக்சி எங்கட வீட்டிலதான் கிடக்கு" என்றான், என்னவோ நான் அதைத் திருப்பிக் கேட்கப் போவதைப் போல. தட்டு அடுக்கும் பலகையையும் அவன்தான் வாங்கியிருக்கிறான். ஆனால் அதைச் செவ்வாய்க்கிழமை விடியத்தான் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாளாம். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

எனக்கு ஏன் என்று தெரிந்துவிட்டது. நான் ஊழியத்தில் இருப்பவன். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் 'எல்டர் சுகந்தன்' என்று கறுப்புப் பட்டை. மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் எங்களைப் போன்ற பையன்கள், எல்டர் என்ற பட்டத்தோடு, இரண்டு வருடம் வீட்டை விட்டு இப்படிப் போவதுண்டு. இடையில் வீட்டுக்குப் போகக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை, வீடியோவில் பேசலாம். கடந்த ஐந்து திங்கட்கிழமையும் அம்மா ஒரே இடத்தில்தான் உட்கார்ந்து பேசினாள். பின்னால் நீலச் சுவர், முருகன் படம், அந்தப் பலகை, அதில் எங்கள் நாலு பேருடைய தட்டுகள். நான் நட்ட முருங்கையைக் காட்டச் சொன்னால், என் தங்கச்சி டிலக்ஷனா, "சார்ஜ் இல்லை அண்ணா" என்பாள். அப்பா எப்போதும் வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, எனக்குக் காட்டுவதற்கென்று ஒரு சுவரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். படுபாவிகள். சொந்தத் தாய் தகப்பனை அப்படி நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

கஜன் சொன்னபோது என் ஊழியம் முடியப் பன்னிரண்டு நாள் மிச்சமிருந்தது. வீடு திரும்பும் பயணப் படிவத்தைப் போன வாரம்தான் நிரப்பி அனுப்பியிருந்தேன். போய்ச் சேரும் இடம்: மண்டபம் முகாம். வரவேற்க வருபவர்: தாய், தந்தை, தங்கை. கடைசியாகப் பேசிய திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் தேதி பஸ் ஸ்டாப்புக்கு வருவீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "வராமல் எங்க போறம் பிள்ளை?" என்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

ஊழியத்தில் தனியாக அழவும் முடியாது. இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் மற்றவன் போகக் கூடாது. என் ஜோடி எல்டர் காளிதாஸ், சேலத்துக்காரன், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நல்லவன், ஆனால் ஓட்டை வாய். அன்று மட்டும் வாயைத் திறக்காமல் கூடவே நடந்து வந்தான். அறைக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். கால் மணி நேரம் பொறுத்துக் கதவை மெல்லத் தட்டி, "எல்டர், டேங்க்ல தண்ணி தீந்துடும், வீட்டுக்காரர் சத்தம் போடுவார்" என்றான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. சாயங்காலம் மிஷன் தலைவருக்கு ஃபோன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா, காளிதாஸையும் கூட்டிக்கொண்டு போ, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடு என்றார்.

ஆறு வாரமாக நான் ராமநாதபுரத்தில்தான் இருந்தேன். முகாமுக்கு ஒரு மணி நேரம். அறைக்குக் கீழே பஸ் நிற்கும்போது கண்டக்டர் மண்டபம், பாம்பன் என்று கூப்பிடுவது தினமும் காதில் விழும். ஒரு நாள்கூட ஏறவில்லை. கடவுள் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து அதில் ஒரு பெருமை வேறு. அவர்கள் அங்கே அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே ஜன்னலைச் சாத்திவிட்டு வேதம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெரிய யோக்கியன்.

ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்த மீனம்மாள் அக்கா வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. பாடமும் உண்டு. அன்றைக்கென்று பார்த்து, குடும்பங்கள் என்றென்றைக்கும் சேர்ந்திருக்கலாம் என்கிற பாடம். மரணத்துக்குப் பிறகும் கணவன் மனைவி பிள்ளைகள் பிரிய வேண்டியதில்லை என்று எங்கள் சபை சொல்கிறது. வெள்ளை உடுத்திய ஒரு குடும்பத்தின் படத்தை மேசை மேல் வைத்தேன். அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, செத்த பெறகும் எம்புருசங்கூடத்தான் கெடக்கணுமா? இங்கனயே முடியல" என்றாள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நீ சொல்லு என்று காளிதாஸைப் பார்த்தேன். அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மதியம் முகாம் வாசலில் இருந்த போலீஸ்காரர் புதியவர். வரிசையும் வீட்டு எண்ணும் சொன்னேன். கணேசலிங்கம் வீடு, நான் அவர் மகன் என்றேன். தாளைப் புரட்டி விரலை வைத்துத் தேடினார். "மகன்னு சொல்றீக. இங்கன மூணு பேருதானே இருக்கு?" என்றார். நான் கோயம்புத்தூரில் படித்த காலத்திலும், ஊழியத்துக்குப் போன பிறகும், அந்தத் தாளில் நாலாவதாக என் பெயர் இருந்தது. வெளியே தங்கியிருக்கிறான் என்று அப்பா எழுதிக் கொடுப்பார். போலீஸ்காரர் இன்னொரு கோப்பை எடுத்துப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் பெயரை நீக்கியிருக்கிறார்கள். தனியே பிரிந்து போய்விட்டான் என்று கடிதம். "ஒங்க அய்யாதான் எழுதிக் குடுத்திருக்காரு தம்பி" என்றார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பார்வையாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் பிறந்த இடத்துக்குள் போக, பார்வையாளர் என்று கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன். அதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அப்பா ஒரு பையைக் கொக்கித் தராசில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். டிலக்ஷனா எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். அப்பா பையை மெல்லக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து அம்மா வந்தாள், என்னைப் பார்த்தாள், காளிதாஸைப் பார்த்தாள். "சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குப் போனாள்.

வீடு எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று பக்கமும் மொட்டையாக, ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு நின்றது. அந்த ஒரு சுவர் மட்டும் நான் ஃபோனில் பார்த்த மாதிரியே இருந்தது. அம்மா இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். தேயிலை போடாத வெறும் பால். எங்கள் சபையில் டீ குடிக்கக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. என்னை விட்டுவிட்டுப் போவதைச் சொல்ல ஞாபகம் இல்லை, டீ ஞாபகம் இருக்கிறது. அந்த டம்ளரைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று வந்தது. காளிதாஸ் தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, என்னுடையதைக் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தான்.

அப்பா கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். தணிந்த குரலில் வரிசையாகச் சொன்னார். இலங்கை திரும்பும் விண்ணப்பத்தில் பதினெட்டு வயது தாண்டியவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் பிரஜாவுரிமைப் பத்திரம் கொழும்பிலிருந்து தனியாக வர வேண்டும். அதுவரை மற்ற மூன்று பேருடையதும் நிற்கும். வவுனியாவில் பெரியப்பா தங்கச்சிக்கு ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறார், அவர்கள் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே என்றேன். "வந்திருப்பியோ?" என்று கேட்டார். வந்திருக்க மாட்டேன். ஊழியம் முடியட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் பாக்கியத்தையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். டிலக்ஷனா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணா, அவையளுக்கு நான் ஒரே பிள்ளை எண்டுதான் சொல்லியிருக்கு. பிறகு நீ வந்து நிண்டா..." முடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் பெரிய ஆட்களாம். மதம் மாறி, டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால் சரிவராதாம். இந்தக் கழுதையைத்தான் நான் தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஒரு தங்கச்சி என்று ஊர் ஊராகச் சொல்லி, அவளுக்காக உபவாசம் இருந்திருக்கிறேன். அவள் தன் வாயாலேயே என்னை இல்லாமல் ஆக்கிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அப்பா பின்னாலிருந்து சொன்னார். "முதல் விட்டிட்டுப் போனது நீதானேடா."

திரும்பிப் பார்த்தேன். "நான் சொல்லிப்போட்டுப் போனனான். திரும்பி வாற நாளையும் சொல்லிப்போட்டுத்தான் போனனான்."

அப்பா தராசை எடுத்தார், பையைத் தேடினார், அது காலடியிலேயே கிடந்தது. காளிதாஸ் மணியைப் பார்த்தான். மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நிற்க இடம் கிடைக்காது. ஷூவைப் போட வாசலில் குனிந்தேன்.

அம்மா வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு விமானம் பயம். இறங்கியதும் அங்கே என்ன கேட்பார்கள், எங்கே நிறுத்தி வைப்பார்கள் என்று அதைவிடப் பயம். பதினெட்டு வயதில் இரவோடு இரவாக வள்ளத்தில் ஏறி வந்தவள், அதற்குப் பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. "சனங்களுக்கெல்லாம் தலையில கை வச்சுச் சொல்லுறியாம்" என்றாள். "எனக்கும் ஒருக்காச் சொல்லிவிடு." நான் அவள் கையை உதறவில்லை. உதறியிருக்க வேண்டும். அவள் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்து மூடி, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆசீர்வாதம் கொடுக்க எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. தலையில் இரண்டு கையையும் வைத்து, முதலில் அவருடைய முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கடவுள் மனதில் என்ன தருகிறாரோ அதைத்தான் சொல்லலாம். ஆறுதலுக்காக நாமாக ஒன்றை இட்டுக்கட்டக் கூடாது. இரண்டு வருடத்தில் எத்தனையோ தலைகள். காய்ச்சல் பிள்ளைகள், சர்க்கரை வியாதிக்காரர்கள், குடியை விட முடியாமல் தேம்பிய ஒரு லாரி டிரைவர். ஒரு தடவையும் எனக்கு வார்த்தை வராமல் நின்றதில்லை.

கையை வைத்தேன். காளிதாஸ் தன் கைகளை என் கைகள் மேல் வைத்தான். "கணேசலிங்கம் குணபூஷணி" என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர், தைரியமாக இரு, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நுனி நாக்கில் நின்றது. அது எனக்குத் தரப்பட்டதா, பழக்க தோஷத்தில் வருகிறதா என்று தெரியவில்லை. அதற்குப் பின்னால் வேறொன்றும் வந்துகொண்டிருந்தது, அதை ஒரு தாயின் தலையில் கை வைத்துச் சொல்ல முடியாது. வகிடு அகன்று போயிருந்தது. அவள் தலை எண்ணெய் என் விரல்களில் ஏறியது. டிலக்ஷனா வந்து அம்மாவின் காலடியில் குந்தித் தானும் தலையைக் குனிந்துகொண்டாள். காளிதாஸ் என் கையை ஒரு தடவை லேசாக அழுத்தினான்.

கண்ணைத் திறக்காமலே அம்மா, "சொல்லு பிள்ளை" என்றாள்.