அடுப்படி பாஷை

இந்தத் தோட்டத்துக்கு இருபத்தைந்து ஆள் என்றான், தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்த ஜப்பான் சிப்பாய். பக்கத்திலிருந்தவன் எப்போது என்று கேட்டான். புதன்கிழமை விடிகாலை லாரி வரும் என்றான் இவன். போன தடவை சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பியவர்களில் பாதிப் பேர் வாந்திபேதியில் செத்துவிட்டார்கள், மிச்சமிருக்கிறவனுக்கும் காலெல்லாம் புண், அதனால்தான் மறுபடி ஆள் கேட்கிறார்கள் என்று, சாயங்காலம் மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னான். பத்தடி தள்ளிக் குனிந்து லாலாங் புல் வெட்டிக்கொண்டிருந்த மாசிலாமணிக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. விளங்கியது என்று முகத்தில் தெரியக் கூடாது. அரிவாள் நிற்கவும் கூடாது. அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அந்தச் சிப்பாய், நம் அதிகாரி விடுகிற குறட்டையில் இந்த ஊர்ச் சேவலெல்லாம் நடுச்சாமத்திலேயே கூவுகின்றன என்று நையாண்டி செய்தான். பாழாய்ப்போன சிரிப்பு மாசிலாமணிக்கும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தைந்து பேர் சாவைக் கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் சிரிப்பு வருகிறதே, நானெல்லாம் என்ன மனுஷன் என்று தன்னையே வெறுத்துக்கொண்டு, இருமுவதுபோல் இருமி அதை விழுங்கினான்.

அந்தப் பாஷை அவனுக்கு வந்தது கோத்தா திங்கியில். சண்டைக்கு வெகுகாலம் முன்னால் அங்கே ஜப்பான்காரன் நடத்திய ரப்பர் தோட்டம் ஒன்றில், பத்தொன்பது வயதில், துரை வீட்டுச் சமையல்கட்டுக்குத் தண்ணீர் தூக்கப் போனான். துரைசானிக்குப் பிள்ளை குட்டி கிடையாது, பேச்சுத்துணைக்கும் ஆள் கிடையாது. அரிசி கழுவும்போதும் மீன் ஆயும்போதும் அந்த அம்மாள் இவனிடம்தான் பேசிக்கொண்டிருப்பாள். ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று. வராந்தாவில் துரைமார் குடித்துவிட்டுப் பேசுவதெல்லாம்கூட அவன் காது பிடித்துக்கொண்டது. ஆனால் வாய்க்கு வந்தது துரைசானியின் அடுப்படிப் பேச்சு மட்டும்தான். துரை ஊருக்குத் திரும்பிப் போனதும் மாசிலாமணி காஹாங் பக்கம் வெள்ளைக்காரத் தோட்டத்துக்கு வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினான், ராஜம்மாவைக் கட்டினான். பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரரிடம் மலாய், கடைக்காரச் சீனனிடம் அவன் பேச்சு, கீழ் லயத்துக் கூலி வீடுகளில் தெலுங்கு என்று எங்கே நின்றாலும் பாஷை அவன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கொட்டகையில் ஆராதனை நடத்துகிற கனகராஜுக்கு இதில் பெரிய அதிசயம். அவனும் மூன்றாம் நம்பர்ப் பகுதியில் பால் வெட்டுகிறவன்தான், மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவன், எந்நேரமும் இருமல். உபதேசியார் என்று ஊர் பாதிக் கேலியாகவும் பாதி மரியாதையாகவும் கூப்பிடும். "அண்ணே, உங்க காது ஆண்டவர் கையால செஞ்சது. மத்தவங்களுக்கு எல்லாம் கூலிக்கு ஆள் வச்சு செஞ்சிருக்காரு" என்பான்.

ஜப்பான்காரன் வந்த முதல் வாரம் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி சபாபதி, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் நின்று, யாருக்காவது அவங்க பாஷை தெரியுமா என்று கேட்டார். தோட்டத்து ஜனம் முழுவதும் வரிசையில் நின்றது. பின்னாலிருந்து ராஜம்மா அவன் முதுகுச் சதையைப் பிடித்துத் திருகினாள். மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். பக்கத்துத் தோட்டத்தில் தெரியும் என்று கையைத் தூக்கியவனை, சரியாகச் சொல்லவில்லை என்று ஜப்பான்காரன் அறைந்தான், காட்டிக்கொடுத்தான் என்று லயத்து ஜனம் காறித் துப்பியது. ஒன்றரை வருஷமாக இவன் ஊமை மாதிரிதான் இருந்தான்.

லாரிச் சேதி கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருக்கும்போது ராஜம்மாவிடமும் கனகராஜிடமும் கேட்டதைச் சொன்னான். மூன்று மாச வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக் கூலி, சாப்பாடு இனாம் என்றல்லவா கிராணி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்! பலகைச் சுவருக்கு அந்தப்புறம் வீரமுத்துவும் காளியம்மாவும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. காளியம்மாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது, இன்றோ நாளையோ என்றிருந்தது. வீரமுத்துவின் பேர் கிராணியின் தாளில் ஏறிவிட்டது என்று மத்தியானமே தெரியும்.

"காட்டுக்குள்ள ஓடச் சொன்னா?" என்றாள் ராஜம்மா.

"ஓடினா பொம்பளைக்கு அரிசி கிடையாது. கம்பத்துச் சடக்கு ரோட்டுல ஒருத்தன் ஓடினான்ல, அவன் பெண்டாட்டிய மூணு நாள் வெயில்ல நிக்க வச்சாங்க" என்றான் மாசிலாமணி.

கனகராஜ் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "நீங்க பேசுங்கண்ணே. அதிகாரிகிட்ட நேரா. அவங்க பாஷையிலயே. எனக்கும் பயம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஆண்டவர் இத்தன பாஷைய உங்க காதுல போட்டது லாலாங் வெட்டறதுக்கா?"

"போட்டவரு ஆண்டவரு. அறுத்து எடுக்கப்போறவன் ஜப்பான்காரன்" என்றாள் ராஜம்மா. "காது குடுத்தாருல்ல, கேட்டாச்சு. வாயத் தனியாக் குடுத்திருக்காரு, மூடிக்கிறதுக்கு. தம்பி, நீ கிழங்கத் தின்னுட்டுப் போ."

மாசிலாமணி எழுந்து கிராணி வீட்டுக்குப் போனான். வாசலில் நின்று, வீரமுத்துவின் பேரை எடுத்துவிட முடியுமா, அவன் பெண்டாட்டி பிள்ளை பெற வேண்டியவள் என்று கேட்டான். சபாபதி கெட்டவர் இல்லை. அவருக்கும் கன்னத்தில் ஜப்பான்காரனின் ஐந்து விரலும் பதிந்து பழுத்திருந்தது. "எடுக்கறேன் மாசிலாமணி. இருபத்தஞ்சு இருக்கணும். அந்த எடத்துல யார் பேர எழுதட்டும்? உன் பேர எழுதவா?" என்றார். எழுதுங்கள் என்று சொல்லத்தான் நின்றான். அத்தனை பாஷை ஏறியிருந்த வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை. கிராணி தாளை மடித்துவிட்டு, போய்ப் படு என்றார். லயத்துக்குத் திரும்பும்போது வீரமுத்து வாசலில் நின்று, "எங்கடா போன? வா, சயாம்ல அரிசிச் சோறாம். ஒனக்கும் ஒரு மூட்டை கொண்டாரேன்" என்றான். மாசிலாமணி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

புதன்கிழமை பெரட்டில் லாரி வந்து நின்றபோது பனி இன்னும் விலகவில்லை. கண்ணாடி போட்ட சின்ன வயது அதிகாரி ஒருவன் முன்னால் நிற்க, கிராணி பேர் வாசித்தார். ஒவ்வொருவனாகப் போய் ஏறினான். வீரமுத்துவின் பேர் வந்தது. காளியம்மா சத்தம் போடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணிக்குத் தான் வரிசையைவிட்டு வெளியே வந்தது தெரியாது. அதிகாரி முன்னால் போய் இடுப்பு மட்டும் குனிந்து எழுந்து, பேச ஆரம்பித்துவிட்டான். பெரியவர் பொறுத்தருள வேண்டும், இந்த எளியவளின் குரல் தங்கள் காதுக்கு இடைஞ்சலாக இருந்தால் மன்னிக்க வேண்டும், அதோ அந்த வீட்டில் பிரசவம், ஆண்பிள்ளை இல்லாவிட்டால் தண்ணீர் காய்ச்சக்கூட ஆளில்லை என்று, துரைசானி எப்படித் தன் புருஷனிடம் பேசுவாளோ அதே குழைவு, அதே இழுப்பு. அவனுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற கறுத்த ஆம்பிளை, நேற்று வந்த மருமகள் மாமனாரிடம் பேசுவதுபோல் பேசினால் எப்படி இருக்கும்? சிப்பாய்கள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எங்கே கற்றாய் என்று மெல்லக் கேட்டான். சொன்னான். என் அம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறது என்றான் அதிகாரி.

அந்த நிமிஷம் மாசிலாமணிக்கு ஆண்டவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

"சரி. அவனை இறக்கிவிடலாம்" என்றான் அதிகாரி. "ஆனால் கணக்கு இருபத்தைந்து. வேறு ஒருவன் பேர் சொல்."

"என்னை எடுத்துக்கொள்ளுங்கள்." இந்தத் தடவை வாயில் சொல் வந்துவிட்டது.

"நீயா? நீ வாயைத் திறந்தபோதே உன்னை எடுத்தாகிவிட்டது. பாஷை தெரிந்தவனை நான் எங்கே போய்த் தேட? நீ கூலிக் கணக்கில் வரமாட்டாய். இருபத்தைந்தாவது ஆள் யார்?"

மாசிலாமணி திரும்பி ஜனத்தைப் பார்த்தான். இருநூறு முகம். ஒவ்வொரு முகமும் இவனுக்குப் பேர் சொல்லிப் பழக்கம். லாரிக்கு மேலிருந்து வீரமுத்து, "டேய் மாசிலா, ஒனக்கு இந்தப் பேச்சு தெரியுமாடா? என்ன சொல்றான்? விட்டுட்டானா?" என்று கத்தினான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? விட்டுவிட்டான், யாரை உனக்குப் பதிலாகச் சாகடிக்கலாம் என்று கேட்கிறான் என்றா? அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நீ சொல்லாவிட்டால் முன்வரிசையில் எவனாவது ஒருவனை நானே தொட்டு எடுத்துவிடுவேன் என்றான்.

"என்னண்ணே, ஆள் கொறையுதா?"

கனகராஜ்தான். அவனுக்கு ஜப்பான் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கணக்குப் போடத் தெரியும். மாசிலாமணி இல்லை என்று சொல்லப் பார்த்தான். இருமல் பிடித்தவன், பத்து மைல் நடக்கமாட்டான், உனக்கு என்ன தெரியும், போய் நில்லு என்று சொல்லப் பார்த்தான். உதடு அசைந்தது, அவ்வளவுதான். கனகராஜ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையைவிட்டு வெளியே வந்தான். நடையில் வீரம் எதுவும் இல்லை.

"இவனா? இவனைத்தான் சொல்கிறாயா?" என்று கேட்டான் அதிகாரி.

ஆமாம் என்பதற்கு அந்தப் பாஷையில் ஒரே மூச்சில் முடிகிற சொல் ஒன்று உண்டு. துரைசானி முதல் நாள் சொல்லிக்கொடுத்த சொல்லே அதுதான். மாசிலாமணி அதைச் சொன்னான்.

வீரமுத்து இறங்கிவிட்டான். சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றவன், கனகராஜ் ஏறுவதைப் பார்த்ததும் புரிந்துகொண்டு ஓடிவந்து மாசிலாமணியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "என்னடா பண்ணித் தொலைச்ச? ஒன்ன எவன்டா கேட்டான்? இனிமே நான் இந்த லயத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?" ஒரு சிப்பாய் அவனை விலக்கித் தள்ளிவிட்டு மாசிலாமணியை லாரிப் பக்கம் இழுத்தான். அதைப் பார்த்து லயத்துக்கு ஓடிய ராஜம்மா துணிமூட்டையோடு வந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "மூலையில ஓமம் முடிஞ்சு வச்சிருக்கேன். தம்பி இருமலுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் கையை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, காளியம்மாவைத் தூக்கிவிடப் போனாள்.

பாஷை தெரிந்தவன் என்று மாசிலாமணியை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கையில் ஒரு துணிப்பட்டை கட்டினார்கள். குளுவாங் போகிற சடக்கு நெடுக, முதுகுக்குப் பின்னால் பலகைக்கு அந்தப்புறம் கனகராஜின் இருமல் கேட்டது. நடுவில் ஒரு தடவை, "அண்ணே, முன்னால காத்து நல்லா வருதா?" என்று குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு கனகராஜ் சத்தமாக ஜெபம் பண்ணினான். காளியம்மாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஆரம்பித்து, கூட வருகிறவர்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, கடைசியில் முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்கள் அண்ணனுக்கு வாயைக் கொடும் ஆண்டவரே என்று முடித்தான். என்ன சொல்கிறான் என்று கேட்டான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி. வேலை நன்றாக நடக்க வேண்டும் என்று கும்பிடுகிறான் என்றான் மாசிலாமணி. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனான்.

குளுவாங் ஸ்டேஷனில் சரக்கு வண்டிப் பெட்டிகள் கதவைத் திறந்துகொண்டு நின்றன. மேஜை போட்டு வயசான ஜப்பான் கணக்கன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவனுக்கும் பேர் என்ன, என்ன வேலை தெரியும், சொல் என்றான். முதலில் நின்றவன் அர்ச்சுனன், பெரிய மரம் சாய்ப்பதில் கெட்டிக்காரன். மரம் சாய்ப்பதற்கு துரைசானியின் அடுப்படியில் சொல் இல்லை. மாசிலாமணி தடுமாறினான். தடுமாறும்போதே ஒரு யோசனை வந்தது. சமையலுக்குப் போகிறவன் பாறை உடைக்க வேண்டாம், சோற்றுப் பானைப் பக்கத்திலேயே கிடப்பான். பிழைத்தாலும் பிழைப்பான். "இவர் மீன் நன்றாக ஆய்வார்" என்றான்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"மீன் கழுவறவன்னு சொன்னேன்."

"அய்யய்யோ, நான் சைவம்ண்ணே!"

"சயாம் போயிச் சொல்லு. ஏறு."

அடுத்தவன் அரிசி களைகிறவன் ஆனான். அடுத்தவன் கத்தி தீட்டுகிறவன். அப்புறம் ஊறுகாய்ச் சாடி கழுவுகிறவன், தேங்காய் துருவுகிறவன், தண்ணீர் தூக்குகிறவன். அவனுக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் இறக்கினான். குரலில் துரைசானியின் குழைவு வந்தது, வந்தால் வரட்டும் என்று விட்டான். கணக்கன் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டான், தலையாட்டினான், எழுதினான். பன்னிரண்டாவது ஆளோ பதிமூன்றாவது ஆளோ நிற்கும்போதுதான் மாசிலாமணி அந்தத் தாளைப் பார்த்தான். அவனுக்கு அவர்கள் எழுத்து தெரியாது. ஆனாலும் முதல் வரியில் மட்டும்தான் ஏதோ எழுதியிருந்தது என்பது தெரிந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு பேருக்கு நேரேயும், மேலே உள்ளதே என்கிற மாதிரி, இரண்டே இரண்டு சின்னக் கோடு: இவன் என்ன சொன்னாலும் எல்லோருக்கும் ஒரே கூலி வேலைதான்.

கனகராஜ் வந்து நின்றான். உதட்டோரம் துண்டை வைத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டான் கணக்கன்.

மாசிலாமணி பென்சிலைப் பார்த்தான். கனகராஜைப் பார்த்தான்.

"இவர் அடுப்பு அணைந்துபோகாமல் பார்த்துக்கொள்வார்" என்றான். "ராத்திரி முழுக்க. ஈர விறகாக இருந்தாலும்."

கணக்கன் தலையாட்டினான். பென்சில் இறங்கி இரண்டு கோடு போட்டுவிட்டு, அடுத்த வரிக்கு நகர்ந்து காத்திருந்தது. அடுத்த ஆள் மேஜைக்கு முன்னால் வந்தான். மாசிலாமணி அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.